கப்பலை மீண்டும் இயக்கக் கோரி

நான்காம் பாகத்தை எடுத்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. எனக்கு வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. வேலை பார்க்கும் இடத்தில் என்னை நிதானமானவள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த விண்வெளிப் படத்தின் பேச்சு வந்தால் எனக்கு நிதானம் போய்விடும். போன மாதம் அதே வரிசையில் எட்டாவதோ ஒன்பதாவதோ ஒன்று வந்திருப்பதாக என் மகன் கைப்பேசியைக் காட்டினான். பழைய ரசிகர்களும் புது ரசிகர்களும் அதில் ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் பாகத்தையே பொறுத்துக்கொண்டவர்களுக்கு இதில் கோபப்பட என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்டேன். அவன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனான்.

நீலகிரியில் மஞ்சூருக்குக் கீழே நாங்கள் இருந்த ஊரில் அதற்கு ஓட்டைக் கப்பல் படம் என்று பெயர். நிஜப் பெயர் போஸ்டரில் மட்டும்தான் இருந்தது. முதல் பாகத்தை மாரியம்மன் பண்டிகைக்கு வாடகைக்கு எடுத்துவந்த வீடியோ டெக்கில் போட்டார்கள். அடுத்த இரண்டும் கேபிளில் வந்தன. தமிழ் பேசும் ஒரு வெள்ளைக்கார கேப்டன், அவருடைய துருப்பிடித்த கப்பல், எஞ்சின் நின்றுபோனால் காலால் உதைத்துக் கிளப்பும் ஒரு கிழட்டு மெக்கானிக், இவ்வளவுதான் கதை. பளபளவென்று எத்தனையோ கப்பல்கள் துரத்திவரும், எங்கள் கப்பல்தான் தப்பிக்கும். இரண்டாம் பாகத்தின் முடிவில் எல்லாரும் இறங்கி ஓடச் சொல்லும்போது, இந்தக் கப்பலை விட்டுக் கடைசியாக இறங்குகிறவன் நான்தான் என்று கேப்டன் சொல்வார். அந்த இடம் வந்தால் நானும் தம்பியும் எழுந்து நின்றுவிடுவோம்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து தாத்தா காலத்தில் மலையேறிய குடும்பம் எங்களுடையது. ஊருக்கே நேரம் சொன்னது அந்தத் தொழிற்சாலையின் சங்குதான். தேயிலை விலை விழுந்த வருடங்களில் தொழிற்சாலையும் விழுந்தது. பச்சைத் தேயிலையைப் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் தோட்டங்களைக் காடாக விட்டார்கள். வருகிற இலை குறைந்து குறைந்து, ஒரு நாள் தொழிற்சாலைக் கதவில் தற்காலிகமாக மூடப்படுகிறது என்று ஒரு தாளை ஒட்டிவிட்டு முதலாளி கீழே போனார். சங்கு நின்றுபோனதால் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் அடி வாங்கினோம். எங்களைப் பொறுத்தவரை முதலில் வந்த கஷ்டம் அதுதான்.

அப்பா மட்டும் வழக்கம்போல ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பினார். தொழிற்சாலைக்குப் பதில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதினார். ஊரில் அவரைப்போலக் கையெழுத்து யாருக்கும் கிடையாது, அலுவலகத் தமிழும் யாருக்கும் தெரியாது. முழுநீளத் தாள், அதன் அடியில் கார்பன், அதன் அடியில் நகல். பொருள்: தொழிற்சாலையை மீண்டும் இயக்கக் கோருதல், தொடர்பாக. எழுதி முடித்ததும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி ஒரு மேல் அலுவலகத்துக்கு அனுப்புவார். எந்த அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் அவர்களிடமிருந்து ஒரு பதில் வரும். அன்றைக்கு ஒன்றுக்கும் பதில் வரவில்லை. வராத ஒவ்வொரு தடவையும் அப்பா இன்னும் பணிவாக அடுத்ததை எழுதினார்.

அத்தை மகன் அந்த வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தார். லீவுக்கு வந்தவர் அப்பாவுக்கும் அங்கே கணக்கு எழுதும் வேலை பேசிவைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் வந்தால் போதுமாம். தொழிற்சாலை திறந்தால் மலையிலேயே இருக்கலாம், திறக்காவிட்டால் அப்பா கீழே போகவேண்டும், எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே பேச்சு இதுதான். அப்பா முடியாது என்றுவிட்டார். மனு போட்டிருக்கிறது, எழுதின ஆளே ஊரைவிட்டுப் போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். அதற்குமேல் பேச முடியாமல், அத்தை மகன் என்னையும் தம்பியையும் ஊட்டிக்குப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். நான்காம் பாகம் வந்திருந்தது.

படம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் கப்பலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு கிரேன் வந்து தூக்கியது, அவ்வளவுதான். மெக்கானிக் கிழவர் எங்கே என்று ஒருவர் கேட்க, போன வருடமே போய்ச்சேர்ந்துவிட்டார் என்று இன்னொருவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார். மூன்று பாகம் எஞ்சினை உதைத்தவருக்கு அந்த ஒரு வரிதான். கேப்டனுடைய தழும்பு இடது புருவத்திலிருந்து வலது புருவத்துக்கு வந்திருந்தது. இத்தனைக்கும் அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, சின்னப் பையன்கள் ஓட்டுகிற புதுக் கப்பலில் போய் உட்கார்ந்தார். கொட்டகையில் கை தட்டினார்கள். நான் தம்பியின் கையைப் பிடித்துத் தட்டவிடாமல் செய்தேன்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்த சண்டை வழியெல்லாம் நடந்தது. புதுக் கப்பல் எவ்வளவு வேகம், சண்டைக் காட்சி எப்படி என்று அத்தை மகன் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறியது. கேப்டன் வாக்குக் கொடுத்தாரா இல்லையா என்று கேட்டேன். கொடுத்தார், அது இரண்டாம் பாகம், இப்போது காலம் மாறிவிட்டது என்றார். வாக்குக்குக்கூடப் பாகம் உண்டா என்று கேட்டேன். அதற்கு அவர் நிதானமாகச் சொன்னார்.

"ஏம் புள்ள, ஓடாத கப்பல்ல ஒக்காந்துக்கிட்டு என்ன பண்றது? அதுபாட்டுக்குத் துருப்புடிக்கும். கூடவே நாமளும் துருப்புடிக்கோணுமா?"

இத்தலாரில் கேரட் மூட்டையோடு ஏறிய ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். ஓட்டைக் கப்பல் படத்தின் ஒரு பாகத்தையும் பார்த்திராதவர். அந்தக் கேப்டனுக்குக் குழந்தை குட்டி இருக்கிறதா என்று என்னிடம் விசாரித்தார். மூன்றாம் பாகத்தில் ஒரு பெண் குழந்தை வரும் என்று தம்பி சொன்னான். "அப்புறமென்னுங்க, எறங்கித்தான ஆகோணும்" என்று சொல்லிவிட்டு அவர் மூட்டைமேல் சாய்ந்துகொண்டார். படத்தைப் பார்க்காதவர்கள் எல்லாம் தீர்ப்புச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? மஞ்சூர் வரும்வரை நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது அப்பாவிடம் முறையிட்டேன். அப்பா கதை முழுவதையும் கேட்டார். மெக்கானிக் செத்த இடத்தில் உச்சுக்கொட்டினார். பிறகு அத்தை மகனைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு, "அந்தாளு எறங்கியிருக்கக் கூடாது" என்றார். எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அத்தை மகன் எழுந்து கை கழுவப் போனார். அம்மா ரசத்தைக் கொண்டுவந்து வைத்து, படத்துக்குப் போய் இப்படிச் சண்டை போடுகிறவர்களை எங்குமே பார்த்ததில்லை என்றாள்.

மறுநாள் எனக்கு வழி தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு அநியாயம் நடந்தால் என்ன செய்வார்களோ அதையே செய்வது. அப்பா மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய், ஒரு பெரிய இடத்தில் தப்பு நடந்தால் யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். எந்தத் தப்பாக இருந்தாலும் அந்த அலுவலகத்துக்குத்தான், எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே அவர்கள் அனுப்பிவிடுவார்கள் என்று தலை தூக்காமலே சொன்னார். அவர் அதை முழுக்க நம்பினார். அவர் நம்பினால் எனக்கும் அதுவே போதும்.

அப்பாவின் நகல் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு அதைப்போலவே எழுதினேன். பொருள்: கப்பலை மீண்டும் இயக்கக் கோருதல், தொடர்பாக. ஐயா, மேற்படி கப்பலானது எவ்வித முன்னறிவிப்புமின்றி நான்காம் பாகத்தில் பழைய இரும்புக்கு விற்கப்பட்டதால், அதனை நம்பி வாழும் நாங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளோம். மேற்படி கேப்டன் இரண்டாம் பாகத்தில் அளித்த வாக்குறுதியை மீறியுள்ளார். எனவே தாங்கள் தலையிட்டு, ஐந்தாம் பாகத்திலாவது மேற்படி கப்பலை இயக்கி, மெக்கானிக்கை மீண்டும் பணியில் அமர்த்தி, எங்கள் வாழ்வில் ஒளியேற்ற ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். செத்தவரை எப்படிப் பணியில் அமர்த்துவார்கள் என்று தம்பி கேட்டான். அது அவர்கள் பாடு என்றேன்.

பிள்ளைகளின் கையெழுத்து பதினொன்று தேறியது. அப்பாவுடைய மனுவில் மூன்று பக்கம் கையெழுத்து இருக்கும். ஆகவே பெரியவர்களிடமும் போனேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மனு என்று நீட்டினால் படிக்காமலே கையெழுத்துப் போடும் பழக்கம் அவர்களுக்கு அதற்குள் வந்திருந்தது. தொழிற்சாலை மனு என்று நினைத்துத்தான் போடுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்கு இத்தனை மனு இருக்கும்போது எனக்கு ஒன்று விட்டுக்கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர் மட்டும் தாளைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பன் எழுதுனதா கண்ணு?"

"எம்பட எழுத்துங்க."

"அப்பன் கை அப்படியே வந்திருக்குது" என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வந்தேன். மஞ்சூரில் நானே தபாலில் சேர்த்தேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து அப்பாவுக்குப் பதில் வந்தது. அத்தனை மனுவுக்கும் சேர்த்து முதல் பதில். அச்சடித்த ஒரு அட்டை, மேலே நீல மையில் ஒரு எண், கீழே ரப்பர் ஸ்டாம்பு. தங்கள் மனு கிடைக்கப்பெற்றது, மனுவில் கண்ட கோரிக்கை உரிய கவனத்துடன் பரிசீலனையில் உள்ளது. டீக்கடையில் அப்பா அதை உரக்கப் படித்தார். ஒரு தடவை போதவில்லை, வந்தவர் வந்தவருக்கெல்லாம் படித்தார். "வெறும் பரிசீலனைன்னு போட்டா அது வேறைங்க. உரிய கவனத்துடன்னு போட்டிருக்குதுங்க பாருங்க. ஆபீஸ்ல அந்த வார்த்தையைச் சும்மா போடமாட்டாங்க" என்று விளக்கினார். அம்மா அன்றைக்குச் சேமியாப் பாயசம் வைத்தாள். விறகு போடும் கிழவர் தொழிற்சாலைக்குப் போய்க் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார். திருப்பூருக்கு வரவில்லை என்று அத்தை மகனுக்கு அப்பா கடிதம் எழுதினார். ஆனால் அதைத் தபாலில் சேர்ப்பதற்குள், பதிலை நேரில் கேட்டுக்கொள்ள சனிக்கிழமை அவரே வந்துவிட்டார்.

அதே சனிக்கிழமை தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குத் தபால் வருவது அதுதான் முதல் தடவை. வாங்கிப் படித்ததும் ஓட்டமாக உள்ளே போனேன். அப்பாவும் அத்தை மகனும் கடிதத்தை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அத்தை மகன் முகத்துக்கு நேராக அட்டையை நீட்டினேன். எங்கள் கப்பலும் பரிசீலனையில் இருக்கிறது, அதுவும் சும்மா இல்லை, உரிய கவனத்துடன் என்று கத்தினேன்.

அப்பா அட்டையை வாங்கினார். சட்டைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அதே அட்டை, அதே வார்த்தைகள், எண் மட்டும் வேறு. பிறகு நான் என்ன எழுதினேன் என்று கேட்டார். நகல் வைத்திருந்தேன், கொண்டுவந்து கொடுத்தேன். முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை விரல் வைத்துப் படித்தார். அத்தை மகனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்பாவைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார். ஊர்க்காரர்களிடம் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியதற்கு அடி விழும் என்று நான் முதுகை இறுக்கிக்கொண்டு நின்றேன். அப்பா அடிக்கவில்லை.

"நல்லா எழுதியிருக்கற அம்மணி" என்றார். "ஒரு தப்பு இல்ல."

பிறகு அத்தை மகனுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த பனியன் கம்பெனியில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று அவரிடம் விசாரித்தார். அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். யாரும் என் அட்டையைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. ஒரு பாயசம்கூட இல்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு அப்பா கிளம்பினார். ஒரு தோல்பை, ஒரு படுக்கை. ஸ்வெட்டரை வேண்டாம் என்று அம்மாவிடம் கழற்றிக் கொடுத்தார், கீழே வெயில். இறங்கியிருக்கக் கூடாது என்று சொன்ன மனிதர், பதில் வந்த பிறகும், இரண்டு பதில் வந்த பிறகும், இப்படிக் கிளம்புகிறாரே என்று எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நீங்களும் அந்தக் கேப்டன் மாதிரிதான் என்று பஸ் படியில் நின்றவரிடம் சொல்லியே விட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார், நான் தட்டிவிட்டேன். ஜன்னலிலிருந்து கை காட்டினார், நான் காட்டவில்லை. அவரை அந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டது என் அட்டைதான் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது தம்பி அழுதுகொண்டு வந்தான். நான் அவனுக்குத் தைரியம் சொன்னேன். அப்பாவுக்குப் பொறுமை இல்லை, இன்னும் ஒரே ஒரு மாதம் இருந்திருந்தால் தொழிற்சாலையும் திறந்திருக்கும், கப்பலும் கிளம்பியிருக்கும் என்றேன்.