பதினாறு பக்கம் பாக்கி

எனக்குத் துரோகம் செய்தவர் பைண்டர் கலியபெருமாள். வாடகை நூலகம் நடத்துகிற எல்லோருக்கும் இப்படி ஒரு பைண்டர் இருப்பார். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

கடை புதுச்சேரி முதலியார்பேட்டையில். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டினால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அதனால் ஒரு வழி வைத்திருந்தேன். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவரிடம் எப்படி இருந்தது என்று கேட்பேன். அவர் சொன்னதை அடுத்தவரிடம் என் கருத்தாகச் சொல்வேன். யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று தினமும் பயம்தான். தெரிந்தால் யார் கடைக்கு வருவார்கள்?

யானை மிதித்தாலும்

தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்துவிட்ட காலம். பிள்ளைகள் என் கடைக்கு வந்ததே ஒரு கதைக்காகத்தான். அதில் இங்கிலீஷ்காரன் தோற்றுவிடுகிறான். பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியில் இருந்துகொண்டு ஆகாயத்தில் நீராவிக் கப்பல் விடுகிறான். மரகதம் என்ற மெக்கானிக் பெண் ஒரு கப்பலைத் திருடிக்கொண்டு பறக்கிறாள். முதல் பாகம் கைமாறிக் கைமாறி நாராகிவிட்டது.

இரண்டாம் பாகம் ஒரே ஒரு பிரதிதான் கிடைத்தது. அதுவாவது தாங்கட்டும் என்று, வந்த அன்றே காலிகோ துணி அட்டை போடக் கலியபெருமாளிடம் கொடுத்தேன். தைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "யானை ஏறி மிதிச்சாலும் ஒரு தாள் கழலாதுண்ணே."

முதல் கருத்து

முதலில் எடுத்தவள் ஷமீம். ஜவுளிக்கடை பாய் மகள், ஒன்பதாவது படிக்கிறாள். மறுநாளே கொண்டுவந்துவிட்டாள்.

"கப்பல் ஒடஞ்சு, மரகதம் கடலுக்கு மேல கயித்துல தொங்கறா. அவ்ளோதான், கதை நிக்குது. முடிவே சொல்லல. செம தைரியம் தாத்தா இவருக்கு."

"ஆமாம்மா, புதுமை" என்றேன்.

"கைய விட்டிருப்பாளா? நீங்க என்ன நெனக்கறீங்க?"

விட்டிருக்கமாட்டாள் என்றேன். ஷமீம் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள். "எந்த எடத்த வெச்சு தாத்தா அப்படிச் சொல்றீங்க?"

பாய்லர்காரர்

அடுத்தவர் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாய்லர் பார்க்கிறவர். மகனுக்கென்று எடுத்துப்போய் அவரே படித்துவிட்டார். முடிவு சொல்லாமல் விட்டதுதான் புதுமை என்று நான் முந்திக்கொண்டேன்.

"முடிவு கெடக்கட்டும். மொத பாகத்துல அந்தக் கப்பல்ல சேஃப்டி வால்வு இருந்துச்சு. இதுல எங்க போச்சு? வெடிக்காம என்ன செய்யும்? எங்க கம்பெனியா இருந்தா மொத நாளே மூடிட்டுப் போயிருப்பாங்க." இவ்வளவு கோபமாகப் பேசியவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "அந்தப் பொண்ணு செத்துட்டான்னா மட்டும் சொல்லிடுங்கண்ணே, நான் மூணாவது பாகம் படிக்கமாட்டேன்."

சொல்தா

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா ஒருவர், பேரன் கொண்டுவந்த புத்தகத்தைப் படித்துவிட்டு அவரே வந்தார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரனை இவ்வளவு கெட்டிக்காரனாகக் காட்டியது தப்பு, கூட இருந்து பார்த்தவன் சொல்கிறேன் என்றார். நான் சிரித்துவைத்தேன். முடிவு புதுமை என்றும் சொல்லிவைத்தேன்.

அவர் புத்தகத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். முன்பக்கத்தில் 192 பக்கம் என்று அச்சடித்திருந்தது. கடைசிப் பக்கத்தின் எண் 176.

"முசியே, நீங்க இத படிக்கவே இல்லியா?"

ஒட்டுத்தாள்

அன்றே கலியபெருமாளிடம் ஓடினேன். கடைசி ஃபாரம், பதினாறு பக்கம், தைக்கும்போது தனியே விழுந்திருக்கிறது. கழிவுத்தாள் என்று வேறு ஏதோ புத்தகத்தின் அட்டைக்குள் வைத்து ஒட்டிவிட்டார். எந்த அட்டை என்று ஞாபகம் இல்லையாம். பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். புத்தகம் தீர்ந்துவிட்டது, மறுபடி போடுகிற எண்ணம் இல்லை என்றார்கள்.

சொல்தா இன்னொரு நாள் வந்து கேட்டால் பதில் வேண்டுமே. எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். கல்லாவுக்குப் பின்னால், ஆள் வந்தால் மூடிவிட்டு. ஷமீமுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வாரா வாரம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பாள்: "தாத்தா, எத்தனாவது பக்கம்?"

மூன்று மாதம் கழித்து நூற்று எழுபத்தாறுக்கு வந்தேன். ‘மரகதம் கயிற்றைப் பிடித்திருந்த கையை’ என்று இருந்தது. திருப்பினேன். காலிகோ அட்டை.

கடையைப் பூட்டிக்கொண்டு மறுபடியும் கலியபெருமாளிடம் போனேன். என் பதினாறு பக்கம் எங்கே என்றேன். அவர் பசைக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கீழ விழுந்தத அப்பவே பார்த்தேண்ணே. நீங்கதான் படிக்கமாட்டீங்களேன்னு விட்டுட்டேன்."

மூன்று வருஷமாக மரகதம் கடலுக்கு மேல் தொங்குகிறாள், கலியபெருமாள் எனக்குப் பதினாறு பக்கம் தரவேண்டியிருக்கிறது.