போனில் கேட்ட எஞ்சின்

வாப்பா கத்தாருக்குப் போனபோது நான் இன்னும் நடக்கத் தொடங்கவில்லையாம். அதனால் எனக்கு அவர் போனில் வரும் ஒரு குரல்தான். ஏறாவூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்ற பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் அவருடையது என்பார்கள். அதைத் தொடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு அதனோடு வேறு உறவில்லை.

உம்மாவின் தம்பி, என் மாமா, அதில்தான் வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போய் வருவார். ஒருமுறை எஞ்சினுக்குள் யாரோ கரண்டியால் தட்டுவது போலச் சத்தம் வரத் தொடங்கியது. வால்வைத் தள்ளும் டெப்பட் இளகிவிட்டதென்று மாமாவே கண்டுபிடித்தார். மாமாவே ஸ்பெனரை எடுத்து நன்றாக இறுக்கினார். சத்தம் நின்றது. கூடவே எஞ்சினும் நின்றது. உதைத்து உதைத்துக் களைத்தவர், "ராத்தா, இத ஆருக்கும் குடுத்துத் துலைப்பம்" என்றார்.

உம்மா வெள்ளிக்கிழமை வரட்டும் என்றிருந்தார். அன்றுதான் வாப்பாவுக்கு லீவு, அன்றுதான் போன் எடுப்பார்.

உம்மா சொன்ன விஷயத்தைக் கேட்டதும் வாப்பா சிரித்தார். "மெத்த இறுக்கினா வால்வ் மூடாது. அப்படியே ஓடியிருந்தா எரிஞ்சே போயிருக்கும். கராஜுக்குக் குடுக்க வேணாம் புள்ள, நீ செய். நான் சொல்றன்."

மாமா ஸ்பெனரை உம்மாவிடம் நீட்டினார். ஸ்பீக்கரில் போட்ட போனைப் பிடிக்கும் வேலை எனக்கு. முன்பல் விழுந்த செய்தியை வாப்பாவிடம் சொல்ல நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். இடையில் ஒரு வாய்ப்பு வராதா என்று பார்த்துக்கொண்டே பிடித்திருந்தேன்.

உம்மா நிலத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தார். எஞ்சின் ஆறியே இருந்தது. பக்க மூடியைக் கழற்றியதும் இரண்டு மெல்லிய கம்பிகள் தெரிந்தன. கிக்கரைக் கையால் மெதுவாக அமத்தி, அது கனக்கும் இடம் தாண்டியதும் நிறுத்தச் சொன்னார் வாப்பா. பிறகு ஒரு கம்பியை விரலால் உருட்டச் சொன்னார்.

"சுத்துதா?"

"இல்ல. இறுகிக் கிடக்கு."

"கொஞ்சம் இளக்கு. இப்ப?"

"சுத்துது."

"மேல கீழ ஆடுதா?"

"ஓம், சாடையாக் கொஞ்சம்."

"ஆடப்படாது. ஆனா லேசாச் சுத்தணும்."

இப்படியே நெடுநேரம். அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மற்ற நாட்களில் அரிசி, காய்ச்சல், பள்ளிக்கூடம் என்று நாலு வார்த்தையில் முடிந்துவிடும். உம்மாவின் முகத்தில் கிரீஸ் பட்டிருந்தது, அவர் துடைக்கவில்லை.

மூடியைப் பூட்டியதும் மாமா உதைத்தார். முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கரண்டிச் சத்தம் இல்லை.

"மகள், போனைக் கிட்டப் பிடி," என்றார் வாப்பா.

பிடித்தேன். கை வலித்தது. "சரியா வாப்பா?" என்றேன். லைன் போய்விட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "இன்னும் கொஞ்சம் பிடி மகள்" என்றார். குரல் அடைத்திருந்தது. அறையில் ஏசி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். என் பல்லைப் பற்றிச் சொல்வதற்குள் வாப்பாவின் போன் கார்ட்டில் காசு முடிந்து போன் கட்டானது.

மாமா எஞ்சினை நிறுத்தக் குனிந்தார். "கிடக்கட்டும்" என்றார் உம்மா, சாக்கிலிருந்து எழும்பாமலே. எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையின் பேச்சைக் கேட்காமல் இரும்பின் பேச்சைக் கேட்கிறார்களே என்று வாவிப் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

கலியாணமான புதிதில், ரோட்டு வளைவில் அந்தச் சத்தம் கேட்டதும் உம்மா தேயிலைக்குத் தண்ணீர் வைப்பாராம். வாப்பா வாசலுக்கு வரும்போது தண்ணீர் கொதித்திருக்குமாம். இதை உம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்து வெகுகாலத்துக்குப் பிறகு. அன்று எனக்குக் கேட்டது வெறும் எஞ்சின்.