ஒரு முறம் தவிடும் மேரிப் புத்தகமும்

1957-ஆம் வருஷம் ஜனவரி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. புதுச்சேரியில், மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் நடந்தது இது. பிள்ளைகளே, உங்களில் பலரை வீட்டில் கேலி செய்திருப்பார்கள். “நீ எங்க புள்ளை இல்ல, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்று சொல்லியிருப்பார்கள். நீங்களும் அதை நம்பி அழுதிருப்பீர்கள். என் வீட்டில் அது கேலி இல்லை. என் மகனை நான் நிஜமாகவே தவிட்டுக்குக் கொடுத்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்கு மேலும் ஒன்று செய்யப் போனேன். நான் ஐந்தாவது வரை படித்தவன், எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

அப்போது நாங்கள் முதலியார்பேட்டையில் குடியிருந்தோம். எனக்குப் பஞ்சாலையில் தறி வேலை. அந்த மகனுக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன, தங்கவில்லை. முதலாவது பெண், நாற்பது நாள் இருந்தாள். அடுத்தவன் தவழ ஆரம்பித்த பிறகு காய்ச்சலில் போய்விட்டான். அவன் தவழ்ந்த தரையைக் கொஞ்ச நாள் என் மனைவி பெருக்கவே இல்லை.

எங்கள் ஊரில் குழந்தை பிறந்தால் மூன்று நாளைக்குள் தகப்பன் மேரிக்குப் போய்ப் பெரிய புத்தகம் ஒன்றில் பதிந்துவிட வேண்டும். இறந்தாலும் அங்கேதான் பதிய வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த சட்டம் அது. அவர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் புத்தகம் மாறவில்லை, அதில் எழுதுகிற குமாஸ்தாவும் மாறவில்லை. என் இரண்டு பிள்ளைகளின் பிறப்பையும் அவர்தான் எழுதினார். சாவையும் அவர்தான் எழுதினார். இரண்டாவது சாவை எழுதப் போனபோது என் பெயரைக் கேட்காமலே எழுத ஆரம்பித்தார். அது எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது.

மூன்றாவதாக இவன் பிறந்தான். பிறந்து அழுததுமே, பிரசவம் பார்த்த அம்மாள், “இதையாவது தவிட்டுக்குக் குடுத்துடுங்க” என்றார். பிள்ளை தங்காத வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முறம் தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு அது நம் பிள்ளை இல்லை. தேடி வருகிற எமன், ‘இது வேறு யாருடையதோ’ என்று ஏமாந்து போய்விடுவானாம். பிள்ளை நம் வீட்டில்தான் வளரும். ஐந்து வயதானதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம்.

எதிர் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். ஒரு மாடு வைத்துக்கொண்டு தெருவுக்குப் பால் ஊற்றுவார். அவர் வீட்டுக்காரர் மாட்டுவண்டி ஓட்டுபவர். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம், பிள்ளை இல்லை. கூப்பிட்டதும் மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டை முறத்தில் வழித்துக்கொண்டு ஓடி வந்தார். என் மனைவி தவிட்டை வாங்கிக்கொண்டு குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அக்கா அவனை மார்போடு அணைத்து வாசல் வரை போய்த் திரும்பி வந்து, “இந்தா, எம் புள்ளைக்கு நீ பால் குடு” என்று சொல்லி அவள் பக்கத்திலேயே போட்டார். எல்லோரும் சிரித்தோம்.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. எமனுக்கு எங்கள் தவிடு தெரியுமா? அவன் மேரிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டல்லவா வருகிறான்? அதில் என் பெயருக்குக் கீழே எழுதின இரண்டு பிள்ளைகளும் போய்விட்டன. மூன்றாவதையும் என் பெயரிலேயே எழுதினால்? என் புத்திக்கு அப்படித்தான் தோன்றியது. நீங்கள் சிரிக்கலாம். இரண்டு பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவனுக்குச் சிரிப்பு வராது.

மூன்றாம் நாள் ஆலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ரிக்‌ஷா பிடித்து, அக்காவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் கிளம்பினேன். “பச்சப் புள்ளைய எதுக்கு அவ்ளோ தூரம்?” என்று கேட்ட மனைவியிடம், “அங்க புள்ளையப் பாக்கணும்னு சொல்றாங்க” என்று பொய் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் அவளிடம் சொன்ன பெரிய பொய் அதுதான்.

ரிக்‌ஷாவில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். “உங்க பேர்லயே எழுதிடலாம்க்கா. ஊருக்காக இல்ல, நெசமாவே.” அவர் குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் முந்தானையை இழுத்துவிட்டார். வழி முழுக்க அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

குமாஸ்தா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“வாப்பா. இன்னா புள்ளை?”

“ஆம்பளப் புள்ளை, முசே.” பெரிய மனிதர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் பேனாவை மையில் தோய்த்தார். நான் அவசரமாக, “என் பேரு வேணாம் முசே. இவங்க பேர்ல எழுதுங்க” என்றேன்.

பேனா அப்படியே நின்றது. “பெத்தது யாரு?”

“என் வூட்டுக்காரி.”

“அப்போ இவங்க?”

“வாங்கினவங்க.”

“இன்னாத்த வாங்கினாங்க?”

“புள்ளைய.”

“எவ்ளோவுக்கு?”

“ஒரு மொறம் தவிடு, முசே.”

அடுத்த மேசைக்காரர் குபீரென்று சிரித்துவிட்டார். “ஒரு மொறம்தானா? ரெண்டா கேட்டிருக்கலாமேய்யா!”

அக்கா விடுவாரா? “அதுவே எங்க மாட்டுத் தீனிய வழிச்சிக் குடுத்தது சாமி. அந்த மாடு மூணு நாளா என்னை மொறைச்சிக்கினே கெடக்குது” என்றார்.

குமாஸ்தா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். “பொய்யா எழுதினா உன்னையும் உள்ள போடுவான், என்னையும் போடுவான். ஆனா நெசமாவே குடுக்கணும்னா அதுக்கு வழி இருக்குது. இன்னிக்கு உன் பேர்ல எழுதணும். அப்புறம் நீ, உன் சம்சாரம், இவங்க, இவங்க வூட்டுக்காரரு, நாலு பேரும் பத்திரம் எழுதுறவர்கிட்ட போயி, கோர்ட்டுக்கும் போயி, கையெழுத்து போடணும். போட்டாச்சுன்னா அவன் உன் புள்ளை இல்ல. பள்ளிக்கூடத்துல சேக்குறது அவங்க. கல்யாணம் பண்றது அவங்க. நாளைக்கித் தெருவுல பாத்து ‘வாடா’ன்னா, அவன் வரணும்னு சட்டம் இல்ல. தவிட்டத் திருப்பிக் குடுத்துட்டுத் தூக்கினு போவ முடியாது. புரியுதா?”

“புரியுது முசே. எழுதிக் குடுக்குறேன்.”

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுட்டேன். எதிர் வூட்டுலதானே இருப்பான். என்னை அப்பான்னு கூப்புடாட்டியும் போவுது. அவன் சத்தம் கேட்டா போதும் எனக்கு.”

அதைச் சொல்லும்போது நான் அழவில்லை. மனசாரத்தான் சொன்னேன். உயிரோடு இருந்தால் போதும், யார் பிள்ளையாக இருந்தால் என்ன?

குமாஸ்தா அக்கா பக்கம் திரும்பினார். “ஏம்மா, உனக்குச் சம்மதமா?”

அக்கா மடியில் இருந்தவனைப் பார்த்தார். அவன் கொட்டாவி விட்டான். நான் அவர் ‘உம்’ என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன்.

“எனக்கு வேணாங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பீடை ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறாரோ என்று நினைத்து, அதைக் கேட்டும்விட்டேன்.

“அட போ தம்பி” என்றார். “பதிமூணு வருசமா நான் வேண்டாத கோயில் இல்ல. ஆசை இல்லாமயா வேணாங்குறேன்? ஆசை இருக்குறதாலதான் வேணாங்குறேன். தவிட்டுக்கு வாங்கினவன்னா, உம் பொண்டாட்டி கேக்குற அன்னிக்குக் குடுத்துடுவேன். காயிதத்துல வாங்கிட்டேன்னு வெச்சிக்க, குடுக்க மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆமா, அவளுக்கு இது தெரியுமா?” என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நெனச்சேன். பச்ச ஒடம்புக்காரி, வாசப்படியப் பாத்துக்கினு ஒக்காந்திருப்பா. நீ இங்க அவ புள்ளைய எழுதிக் குடுக்குற!”

அவ்வளவு பேர் நடுவில் எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், பத்து மாதம் சுமந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

குமாஸ்தா மறுபடியும் பேனாவை எடுத்தார். “பன்னெண்டு ஆவப்போவுது, மூடிடுவாங்க, எழுதட்டுமா?” என்றார். என் கண் அந்தப் புத்தகத்தை விட்டு நகரவில்லை. “இன்னாப்பா பயம்?” என்று கேட்டார். அவர் அன்றைக்கு என் பெயரைக் கேட்காமலே எழுதினதையும், இந்தப் புத்தகத்தில் என் பெயருக்குக் கீழே எழுதினது தங்காது என்ற பயத்தையும் சொல்லி, அப்போதுதான் உள்ளே இருந்த முள்ளை எடுத்து அவர் முன்னால் போட்டேன். அவர் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடி, அட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“இங்க வருசத்துக்கு ஒரு புத்தகம். உன்னோட பழசெல்லாம் அதோ அலமாரில தூங்குது. இது பிரிச்சு நாலு நாள்கூட ஆவல. இதுல உன் பேரே கெடையாது. எமன் வந்து பொரட்டினாலும், யாரோ புது ஆளுன்னு போயிடுவான்.”

அவருக்கு அதில் நம்பிக்கை இருந்திருக்காது. எனக்காகச் சொன்னார். எழுதுங்கள் என்றேன். இந்தத் தடவை என் பெயரைக் கேட்டு எழுதினார்! புது ஆளிடம் கேட்கிற மாதிரி ஊர், தொழில் எல்லாம் கேட்டார்.

சாட்சிக்கு அக்காவைக் கைநாட்டு வைக்கச் சொன்னார். தன் பிள்ளை என்று எழுதியிருக்கக்கூடிய அதே புத்தகத்தில், இவன் இன்னாருடைய பிள்ளைதான் என்று அக்கா கட்டைவிரலை அழுத்தினார். விரலில் மிச்சமிருந்த மையைத் துடைக்காமல் குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டாக வைத்துவிட்டார்.

அந்தப் பொட்டுதான் வீட்டில் என்னைக் காட்டிக்கொடுத்தது. “இன்னாது, நீலமா இருக்குது?” என்று மனைவி கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. வாசலிலேயே நின்ற அக்காவை, “உள்ள வாங்கக்கா” என்று கூப்பிட்டாள். பிள்ளைக்குப் பசியாற்றினாள். பிறகு அவனைத் தூக்கி மறுபடியும் அக்கா மடியிலேயே போட்டாள். என்னோடு மூன்று நாள் பேசவில்லை. ஆனால் அன்று முதல் தினமும் சாயங்காலம், பால் கறக்கிற நேரம் வரை அவன் எதிர் வீட்டுப் பிள்ளை.

அவன் தங்கினான். காய்ச்சல் வந்தது, விழுந்து பல் உடைந்தது, எல்லாம் வந்தது. தங்கினான். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சீட்டு வாங்கி வந்த அன்று, என் மனைவி முறம் நிறையத் தவிட்டை எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். அக்கா முறத்தை வாங்கி நேரே மாட்டுக்கு முன்னால் கொட்டினார். “துன்னு. இனிமே என்னை மொறைக்காத” என்று அதனிடம் சொன்னார். சொல்லிவிட்டு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கமாகவே திரும்பி நின்றார். என் மகன் போய் அவர் புடவையைப் பிடித்து, “அம்மா, எனக்குப் பசிக்குது” என்றான். அவன் இரண்டு பேரையும் அம்மா என்றுதான் கூப்பிடுவான், இப்போதும்.

பிள்ளைகளே, யாராவது உங்களைத் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொன்னால் அழாதீர்கள். என் மகன் அழ மாட்டான். “ஆமா, ஒரு மொறம்” என்று பெருமையாகச் சொல்வான். எனக்கோ, அவன் என்னை அப்பா என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், வேண்டாம் என்று சொல்லி அந்த அக்கா எனக்குத் திருப்பிக் கொடுத்த வார்த்தை அது என்று இன்றைக்கும் தோன்றுகிறது.