மூன்றாவது சுருட்டின் பின்பாதி

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தா. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பி.ஏ. படித்திருந்ததால் எதைப் பற்றியும் தயங்காமல் அபிப்பிராயம் சொல்வேன். அப்படிச் சொன்ன ஒன்று இந்த வயதிலும் என்னை விடவில்லை.

மாதாகோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் நண்பன் குடியிருந்தான். சுருட்டு சுற்றுவது அவன் தொழில். துறைமுக வாசலில் ஒரு பெட்டிக்கடையில் அவன் சரக்கு விற்கும். ஒரு நாள் வெளிநாட்டுக் கேப்டன் ஒருவர் புகைத்து முடித்த துண்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, இதைச் சுற்றியவன் யார் என்று கேட்டார். இதைவிட மென்மையாக, இதைவிட உயர்ந்த இலையில் ஒரு பெட்டி வேண்டும் என்றார். அடுத்த முறை வரும் கப்பல் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை கிளம்பும், அதற்குள் கிடைக்க வேண்டும். பிடித்துவிட்டால் ஒவ்வொரு நடையிலும் வாங்குவேன், மற்ற கப்பல்காரர்களுக்கும் சொல்வேன் என்றார்.

அன்று மாலை ஆபீஸ் விட்டதும் ஓட்டமும் நடையுமாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். நண்பன் மடியிலிருந்த இலையெல்லாம் சிதற எழுந்துவிட்டான்.

"கேப்டனே கேட்டானா? மெய்யாலுமா மாமு?"

"மெய்தான் ஓய். துண்டைக்கூட பத்திரமா வச்சிருக்காரு."

"அப்ப இன்னொருத்தன் கடைல வெச்சி விக்கிற பேஜாரு வோணாம். நம்ப பேர போட்டே கடை தொறந்துடலாம்!"

அவன் மனைவி கருவாடு விற்பவள். கூடையை இறக்கிக்கொண்டே கேட்டாள்: "கடை அப்பால தொற. புதுச் சுருட்ட யாரு வலிச்சிப் பாக்கறது? விபூதி புதன் முட்ஞ்சி போச்சே."

நண்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். விபூதி புதனன்று தவக்காலம் தொடங்கினால் ஈஸ்டர் வரை அவன் வாயில் புகை படாது. ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். வழக்கமான சுருட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிவிடுவான், அதனால் தொழிலுக்கு இடைஞ்சல் இல்லை. புதுக் கலவையைப் புகைத்துப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது.

"நான் பிடிச்சுச் சொல்லுதேன்" என்றேன். "காலேஜ் ஹாஸ்டல்ல நான் பிடிக்காத சுருட்டா?"

உண்மையில் ஹாஸ்டலில் நான் பிடித்தது சிகரெட். சுருட்டு ஒரே ஒரு முறை, அதுவும் பாதி.

மூன்று விதமாகச் சுற்றி வைத்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். கடற்காற்று புகாமல் கதவை அடைத்தான். வாசனை கெடும் என்று கருவாட்டுக் கூடையை வெளியே வைக்கச் சொன்னான்.

"கருவாடுதான் இந்த வூட்ல சோறு போடுது. உன் சுருட்டு இன்னா போடுது? சாம்பல்" என்றாள் அவள். ஆனாலும் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் சுருட்டு கன்னம் ஒட்ட இழுத்தால்தான் புகை வந்தது. நெருப்பும் ஒரு பக்கமாகவே ஓடியது. நண்பன் அதைப் பிடுங்கி அணைத்துவிட்டான். இரண்டாவது இனிப்பாகத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் வைக்கோலைக் கொளுத்தியதுபோல் ஆயிற்று.

மூன்றாவது, கோதாவரிக் கரை இலையும் திண்டுக்கல் இலையும் உள்ளே வைத்து, துறைமுகத்தில் தேடிப் பிடித்த ஜாவா இலையை மேலே சுற்றியது. பற்றவைக்காமல் இழுத்தபோதே உலர்ந்த திராட்சை வாசனை வந்தது. பற்றவைத்து முதல் புகையை வாயில் நிறுத்தினேன். வறுத்த காப்பிக்கொட்டை! அடுத்த இழுப்பில் மழை பெய்த மண். நாக்கில் உறுத்தல் இல்லை, தொண்டையில் காரல் இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஓய், இது வேற சாதி! இது ராஜா!"

"குந்து மாமு, குந்து. ஆட்டாத. சாம்பலப் பாரு!"

சாம்பல் வெள்ளை வெளேரென்று, உதிராமல், ஒரு விரல்கடை நின்றது. அவன் முகத்தை என் முகத்துக்கு அருகே கொண்டுவந்து, "இப்ப வுடு" என்றான். ஊதினேன். கண்ணை மூடி மூக்கால் இழுத்தான்.

"மூக்கு மட்டும் இன்னா வேற ஆளோடதா?" என்றாள் மனைவி.

"மோந்தா குத்தமில்ல. சாமியாரக் கேட்டுக்கினேன்."

"இந்த மாரி மூஞ்சில ஊதச் சொல்லிக்கினு மோப்பேன்னு சொல்லிக் கேட்டியா?"

மூவரும் சிரித்தோம். ஊதுவதும் மோப்பதுமாகப் பாதிச் சுருட்டு போயிற்று. அப்போது சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கோயில் மணி அடித்தது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அதற்குப் போகாமல் இருக்கமாட்டார்கள். அவள் முக்காடு போட்டுக்கொண்டாள். அவன் சட்டையை மாட்டியபடியே சொன்னான்:

"அணைச்சிடாத. கடேசி ரெண்டு வெரக்கட வரிக்கும் வலி. சாறெல்லாம் அங்கதான் எறங்கும். கசந்துச்சின்னா கோதாவரி எலையக் கொறைக்கணும். வந்து கேட்டுக்கறேன்."

அவர்கள் போனதும் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தேன். அவ்வளவுதான். உள்ளங்கை வேர்த்தது, சுவர் மெல்லச் சாய்ந்தது. முந்தைய இரண்டின் புகையும் சேர்ந்து தலைக்கு ஏறியிருந்தது. கதவைத் திறந்துகொண்டு கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்தேன். பாதிச் சுருட்டை அலையில் எறிந்தேன்.

கோயிலிலிருந்து வந்தவன் என்னைத் தேடிக் கடற்கரைக்கே ஓடி வந்தான். "இன்னா மாமு, கடேசி எப்டி?"

தலை சுற்றியது என்று சொல்லியிருக்கலாம். இன்னொன்றைப் பற்றவைத்து மறுநாள் முடித்துக்கொடுத்திருக்கலாம். ஆனால் ஹாஸ்டலைப் பற்றி அவ்வளவு பேசியிருந்தேனே. "கடைசி வரைக்கும் அதே சுகம் ஓய்" என்றேன். அது போதாதென்று, "முடிவுல ஏலக்காய் மாதிரி ஒண்ணு வருது" என்றும் சேர்த்தேன்.

அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினான்.

அதே கலவையில் பெட்டி தயாராயிற்று. சனிக்கிழமை இருவரும் கப்பலுக்கே கொண்டுபோனோம். கேப்டன் எங்கள் எதிரிலேயே ஒன்றைப் பற்றவைத்தார். இரண்டு இழுப்பில் முகம் மலர்ந்து நண்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கப்பல் ஊதியபோது கரையில் நின்று பைத்தியக்காரர்கள்போல் கையை ஆட்டினோம். திரும்பும் வழியெல்லாம் கடைக்கு என்ன நிறத்தில் பலகை எழுதுவது என்றே பேச்சு.

மறுநாள் ஈஸ்டர். காலைப் பூசை முடிந்து புதுச்சட்டையோடு வந்து, தனக்கென்று எடுத்துவைத்திருந்த ஒன்றைப் பற்றவைத்தான். முதல் இழுப்பில் கண் பளபளத்தது. "காப்பிக்கொட்டதான் மாமு! நீ சொன்னது கரீட்டு!" எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. சுருட்டு குறைந்துகொண்டே வந்தது. நான் எறிந்த இடத்தைத் தாண்டியது. மேலும் சில இழுப்புகளில் அதை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தான். இன்னொரு முறை இழுத்தான். எட்டிக்காயைக் கடித்தவன்போல் முகம் சுருங்கியது.

"மாமு, இத்த நீ கடேசி வரிக்கும் வலிச்சியா?"

"வலிச்சேனே."

"கசக்கல?"

"இல்லையே."

துண்டை நசுக்கி அணைத்தான். பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னான்: "இத்தினி நாளு வலிக்காம என் நாக்கு செத்துப்பூட்ச்சி."

"எந்த வருசமும் சாவாத நாக்கு இப்ப மட்டும் சாவுதா?" என்று கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

கப்பல் மறுபடி வந்தபோது ஆபீஸ் வேலையாகக் கேப்டன் அறைக்குப் போனேன். அலமாரியில் அந்தப் பெட்டி ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. அவர் சுருட்டைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கப்பலுக்கு வேறு கேப்டன் வந்துவிட்டார் என்று நண்பனிடம் சொன்னேன்.

கடை திறக்கவில்லை. அதன்பின் எந்தப் புதுக் கலவையையும் அவன் தன் நாக்கை நம்பி முடிவு செய்யவில்லை. என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைப்பான். ஈஸ்டர் முடிந்த மாதங்களிலும், தன் வாயிலும் ஒன்று புகைந்துகொண்டிருக்கும்போதும், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் ஒவ்வொன்றையும் விரல் சுடும்வரை புகைத்துவிட்டு, கசந்தால் கசக்கிறது என்று சொல்வேன். அவன் தலையாட்டிக்கொண்டு இலையைக் குறைப்பான். தனக்குக் கசந்ததா என்று அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.