தொடங்கினவர் நிறுத்த வேண்டிய பாட்டு

சனிக்கிழமை வந்தாலே பாட்டக்காவுக்குக் கால் வலிக்கும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விடிந்ததிலிருந்து நின்றுவிட்டு, நான்கு மணிக்கு நேரே ஆலயத்துக்குப் பாட்டுப் பயிற்சி கொடுக்கப் போகவேண்டும். அவள் கேட்டு வாங்கின வேலை அல்ல. சத்தமாகப் பாடுகிறாளே என்று போதகர் ஒருநாள் முன்னால் கூப்பிட்டார். பதினேழு வருஷமாகிறது, பாட்டக்கா என்றே பேராகிவிட்டது, இன்னும் பின்னால் போய் உட்கார முடியவில்லை.

அந்த ஆலயத்தில் இரண்டு சபைகள். கீழே தமிழ்ச் சபை. மாடியில் வேறு பாஷை பேசுகிறவர்களின் சின்னச் சபை. எல்லாரும் அவர்களை மாடிக்காரர்கள் என்பார்கள். மழையில் மாடிக் கூரை இற்றுப்போகவே, கீழே வந்து சேர்ந்தே ஆராதிக்கட்டும் என்றார் போதகர். கமிட்டி மூன்று மாதம் தவணை கொடுத்தது. ஒத்துப்போனால் இருக்கலாம், இல்லாவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்க்கவேண்டும். அவர்களுக்கு வேறு இடம் கிடையாது என்று கமிட்டிக்கும் தெரியும்.

அவர்களில் ஒருத்தி சலவைக்கூடத்தில் பாட்டக்காவோடு விரிப்பு மடிக்கிற தோழி. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, எதிரெதிரே நடந்துவந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். எட்டு வருஷ மடிப்பில் அவளுக்குப் பேசுகிற அளவுக்குத் தமிழும், இவளுக்கு அவர்கள் பாட்டில் பத்துப் பன்னிரண்டும் வந்திருந்தன.

முதல் ஞாயிறே வினை வந்தது. மாடிக்காரர் ஒருவர் தங்கள் பாட்டைத் தொடங்கினார். நாலே வரி. கீபோர்டு வாசிக்கிற கணக்கு வாத்தியார், தாளில் எழுதியிருந்தபடி மூன்று தடவை வாசித்து, நீட்டி முடித்துக் கையை எடுத்துவிட்டார். தமிழர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மாடிக்காரர்களோ நின்று பாடிக்கொண்டேயிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வாயை மூடித் தலையைக் குனிந்தார்கள்.

மறுநாள் தோழி விரிப்பை உதறின உதறலிலேயே கோபம் தெரிந்தது.

“அக்கா, எங்க பாட்ட யாரு தொடங்குறாங்களோ அவங்கதான் நிறுத்தணும். அது அவங்க ஜெபம். நடுவுல நிறுத்தினா வாயப் பொத்தின மாதிரி.”

“தொடங்கினவங்களுக்கே முடியலேன்னா?”

“ஒருத்தர் வந்து கையப் பிடிச்சு வாங்கிக்கணும். அப்புறம் அது அவங்க பாட்டு.”

பாட்டக்கா இதை வாத்தியாரிடம் கொண்டுபோனாள்.

“சரிம்மா, எத்தனை தடவைன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

“அது அவங்களுக்கே தெரியாது சார்.”

“தெரியாத கணக்க நான் எப்படிம்மா வாசிக்கிறது? சுத்திக்கிட்டே இருக்க என் கை என்ன காத்தாடியா?”

கமிட்டிச் செயலாளர் வேறு மாதிரி. “பிள்ளைங்களுக்குப் பசிக்குதும்மா. ஆண்டவருக்கு ஒரு தடவை சொன்னா கேக்காதா?” மாடிக்காரர்கள் பக்கமோ, தமிழர்கள் புத்தகத்தைப் பார்த்தே ஏழு சரணம் பாடுகிறார்களே, ஒன்றுகூட மனசில் இல்லையா என்று கேட்டார்கள். எல்லாம் பாட்டக்கா தலையில்தான் விழும். “உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை? பேசாம படு” என்பார் வீட்டுக்காரர். அவளும் ஜெபத்தில் அதைத்தான் கேட்டாள். ஆண்டவரே, வேறு யாரையாவது கூப்பிடக்கூடாதா?

தவணையின் கடைசி ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்ததும் கமிட்டி முடிவு சொல்லும். வெள்ளிக்கிழமைதான் தோழியின் தாயார் ஊரில் தவறியிருந்தார். முகம் பார்க்கப் போக அவளுக்கு வழியில்லை. பிரசங்கம் முடிந்ததும் அவள் எழுந்து அந்த நாலு வரிப் பாட்டைத் தொடங்கினாள்.

மூன்று தடவை ஆயிற்று. ஐந்தாயிற்று. முன்வரிசையில் செயலாளர் கைக்கடிகாரத்தைத் திருப்பினார். தோழிக்குக் குரல் உடைந்தது. பாடவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை, முதல் வரியிலேயே தடுக்கித் தடுக்கி நின்றாள். நிறுத்தவா என்று வாத்தியார் பாட்டக்காவைக் கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மாடிக்காரர்களில் யாராவது போவார்கள் என்று பார்த்தாள். அவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள். கடைசியில், இழுத்துக்கொண்ட காலோடு தானே நடைபாதையைக் கடந்து போய், விரிப்பின் முனையை வாங்குகிற மாதிரி தோழியின் கையை வாங்கிக்கொண்டாள். அவர்கள் பாஷையில் ஒருமுறை பாடினாள். பிறகு அதே ராகத்தில், இரக்கமாயிரும் என்று தமிழில், வாயில் வந்தபடி பாடினாள். தமிழர்களும் புத்தகத்தை மூடிவிட்டுக் கூடப் பாடினார்கள். தோழியின் அழுகை அடங்கும்வரை பாடிவிட்டு நிறுத்தினாள். அவள் நிறுத்தின பிறகுதான் வாத்தியார் கையை எடுத்தார்.

கமிட்டியில் செயலாளர் வாத்தியாரைக் கேட்டாராம்: “நீங்களே சொல்லுங்க சார், மொத்தம் எத்தனை தடவை?”

“எண்ணல” என்றாராம் கணக்கு வாத்தியார். மாடிக்காரர்கள் இருக்கட்டும், சனிக்கிழமைப் பயிற்சியை அக்காவே தொடர்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்தாள். “முடிஞ்சுதா?” என்றார் வீட்டுக்காரர்.

“எங்க முடியுது?”

திங்கட்கிழமை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. தோழி வீங்கின கண்ணோடு இரண்டு முனைகளை நீட்டினாள்.

“அக்கா, பாட்ட வாங்கிட்டீங்க. வர்ற ஞாயிறு நீங்கதான் தொடங்கணும்.”

“அம்மாடி, என்னால ஆகாதுடி. நீயே திருப்பி வாங்கிக்கோ.”

“அப்படியெல்லாம் திருப்பி வாங்க முடியாது.”

பாட்டக்கா பெருமூச்சு விட்டு முனைகளைப் பிடித்தாள். உதறி, அவளை நோக்கி நடந்தாள்.