தை பிறப்பதற்குள்

பண்டசோழநல்லூரை விட்டு மறுபடியும் நடந்துகொண்டிருந்தேன். பதினேழு வருஷம் கழித்து அம்மாவின் வாசலுக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. அம்மாவே என்னைத் தெருவில் திருப்பி நிறுத்தி, "நீ முதல்ல அங்க போடா" என்று அனுப்பிவிட்டாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கையில் என் துணிப்பை, தோளில் இன்னொருவனுடைய தகரப்பெட்டி. போகவேண்டிய ஊர் சோரியாங்குப்பம். அங்கே ஒரு வீட்டில் தை மாதக் கல்யாணத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை செத்துப் பத்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது அந்த வீட்டுக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

பிரெஞ்சுக்காரன் இங்கே இருந்த காலத்திலேயே, பதினாறு வயதில் சைகோனுக்குக் கப்பலேறியவன் நான். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தமிழ் எழுதுவேன், படிப்பேன். வேறு எழுத்து ஒன்றும் தெரியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். ரப்பர் தோட்டத்துக்குப் போய் ஜுரத்தோடு திரும்பினேன். மரக்கடை, சோப்புக் கம்பெனி, படகு என்று எந்த வேலையிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. கடைசியில் சைகோன் ஓரத்தில், நம் பக்கத்துக்காரர் ஒருவருடைய மாட்டுக் கொட்டகையில் பால் கறக்கச் சேர்ந்தேன். அங்கே மட்டும் ஆறு வருஷம் தங்கினேன்.

கொட்டகையில் எங்களை ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் நல்லூரான். என்னோடு வேலை செய்த சோரியாங்குப்பத்துக்காரன், குப்பத்தான். அவனுக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அவன் வீட்டுக்குப் போன கடிதங்களெல்லாம் நான் எழுதியவை. அவன் கன்றுக்குட்டிக்கு உண்ணி எடுத்துக்கொண்டே சொல்லுவான், நான் எழுதுவேன்.

"சுகம்னு போடு. கால்ல மாடு மிதிச்சத எழுதாத. எங்கம்மா அங்கேந்து அழும்."

"வேற இன்னா எழுத?"

"நீ உங்கம்மாவுக்கு இன்னா எழுதறியோ அதையே எழுதுடா. எல்லா அம்மாவுக்கும் ஒண்ணுதான்."

தை மாதத்தில் வரும் சைகோன்காரர்களின் வருஷப்பிறப்பு அன்று, கிராமப்புறத்தில் நடந்துகொண்டிருந்த சண்டை நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இரண்டாம் நாள் குப்பத்தான் சைக்கிளில் பால் எடுத்துக்கொண்டு போனான். வேண்டாம் என்று சொன்னேன். கறந்த பாலை என்ன செய்வது என்று கேட்டான். நாற்சந்தி ஒன்றில் குண்டு பட்டுக் கிடந்தான். நாங்கள் மூன்று பேர் போய் அவனைத் தீவன வண்டியில் போட்டுக்கொண்டு வந்து, கொட்டகைக்குப் பின்னால் புதைத்தோம். சுடுகாட்டுக்குப் போக வழியில்லை.

தபால் மறுபடி போக ஆரம்பித்ததும் ஒரே நாளில் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று என் அம்மாவுக்கு: நான் சுகம், காளைகளை விற்க வேண்டாம், சண்டை ஓய்ந்ததும் நானே வந்து ஏர் ஓட்டுகிறேன், இப்படிக்கு உங்கள் மகன். வழக்கமாக எழுதுவதுதான். திரும்பி வருவதாக எழுதிய எந்தக் கடிதத்தையும் நான் உண்மையாக நினைத்து எழுதியதில்லை. இன்னொன்று அவன் அம்மாவுக்கு: உங்கள் மகன் சண்டையில் குண்டு பட்டு இறந்துவிட்டான், காரியத்தை நாங்கள் செய்துவிட்டோம், இப்படிக்குக் கூட வேலை செய்தவன். கொட்டகைப் பழக்கத்தில் இரண்டிலும் பெயர் போடத் தோன்றவில்லை. உறைகளின் மேல் விலாசத்தைக் கொட்டகைக் கணக்குப்பிள்ளை பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கொடுத்தார். "இது உன்னுது, இது அவன்து" என்று காட்டித்தான் கொடுத்தார். இரண்டையும் தீவன மூட்டைமேல் வைத்துவிட்டு ஒரு பசு கத்துகிறதே என்று போனேன். திரும்பி வந்து, எது எங்கே இருந்தது என்ற நினைப்பை நம்பி ஒன்றின் நாலு மூலையிலும் சாவுச் செய்தி என்பதற்கு அடையாளமாகக் கரி தடவினேன். கடிதங்களைப் போட்டு ஒட்டினேன்.

கரி தடவிய கடிதம் என் அம்மாவுக்குப் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் எடுத்துப்போக மாட்டார்கள். தெருவில் வைத்தே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தம்பி கழனியில் இருந்திருக்கிறான். தபால்காரர் படித்துச் சொல்லிவிட்டுக் கிழித்துவிட்டார். தம்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், அது என் கையெழுத்து என்று கண்டுபிடித்திருப்பான். செத்தவனே தன் சாவை எழுதி அனுப்பியிருந்தான். அதைப் பார்க்க ஆளில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் துறைமுகத்தில் வேலை செய்த என் தூரத்து மாமா கொட்டகைக்கு வந்தார். நான் கறந்துகொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மாமா, பாலுக்கா?"

"பாலா? உனக்குப் பால் தெளிச்சு நாலு மாசம் ஆவுதுடா!"

என் சாமான்களை வாங்கிப்போக வந்தவர், சட்டைப்பையிலிருந்து அப்போதுதான் தபாலில் வந்த ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். கறுப்புக் கரை போட்ட கருமாதி அட்டை. என் பெயர், என் அப்பா பெயர், கீழே தம்பி பெயர். வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. மாமாவும் சிரித்தார். "போவட்டும், தீர்க்காயுசு உனக்கு" என்றார்.

அப்புறம்தான் குப்பத்தானின் பெட்டி ஞாபகம் வந்தது. அவன் செத்த பிறகு அவன் பெயருக்கு ஊரிலிருந்து இரண்டு கடிதம் வந்திருந்தன. முன்னாலேயே எழுதியது தாமதமாக வருகிறது என்று நினைத்தேன். செத்தவனுக்கு வந்ததைப் பிரிக்க மனமில்லாமல் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அன்று பிரித்தேன். உன் கடிதம் கிடைத்தது, சண்டையில் உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கோயிலுக்குப் பொங்கல் வைத்தோம் என்று ஒன்றில் இருந்தது. இன்னொன்றில், நீ வருகிறேன் என்றதால் மாமன் மகளைப் பேசி முடித்துவிட்டோம், தை பிறந்ததும் கல்யாணம், நீ எப்படியும் மார்கழிக்குள் வந்துவிடு.

"தந்தி குடுடா" என்றார் மாமா. கணக்குப்பிள்ளையும் அதையேதான் சொன்னார். தானே எழுதித் தருவதாகவும் சொன்னார். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இன்னொரு காகிதம் போவதை நான் விடவில்லை. போனாலும், வழக்கமான கையெழுத்தில் வந்த சுகச் செய்தியை நம்பிப் பொங்கல் வைத்தவர்கள் தந்தியை நம்புவார்களா என்பதும் தெரியவில்லை. ஆள் போகவேண்டும். அந்த மாலையே முதலாளியிடம் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேன். "நீ எங்க தங்கினவன், எப்பவாவது கிளம்புவன்னு தெரியும்" என்றார். ஆனால் ஊருக்கு என்று அவர் நினைக்கவில்லை. நானும் அதுவரை நினைத்ததில்லை.

பயணக் காகிதங்கள் கையில் வர மூன்று மாதம், கப்பலில் இடம் கிடைக்க இன்னொரு மாதம் ஆனது. கப்பலில் மற்றவர்கள் சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தபோது நான் மார்கழியில் எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சென்னையில் இறங்கி, ரயிலில் வில்லியனூர் வந்து சேர்ந்தபோது மார்கழி பாதி போயிருந்தது. அங்கிருந்து நடந்தேன். இரண்டு வீட்டில் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று வழியெல்லாம் யோசித்தேன். கால் தானாக என் ஊருக்குப் போனது. இன்று எழுதும்போதும் அதற்கு நியாயம் சொல்ல முடியவில்லை.

தெருமுனையில் குடத்தோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்துக் குடத்தைப் போட்டுவிட்டாள். "யேய், காக்காவுக்குச் சோறு வெச்சமே, அது நடந்து வருதுடி" என்று கத்தினாள். தம்பி ஓடிவந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே, "உனக்கோசரம் மொட்ட போட்டன்டா, பாவி, என் முடியத் திருப்பிக் குடு" என்றான். கருமாதி செய்த ஆள் சும்மா படியேறக்கூடாது, ஐயர் வந்து புண்ணியாதானம் பண்ணித் தீட்டுக் கழிக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். அம்மா அதையெல்லாம் காதில் வாங்காமல் தெருவுக்கு இறங்கி வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தாள். முட்டியைத் தொட்டாள், காதைத் தொட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப அந்த வூட்டுல இன்னும் சொல்லல?"

"இல்லம்மா. நாளைக்குக் காலையில..."

"நாளைக்கா? பந்தக்காலு நட்டுட்டாங்கன்னா? எனக்கு ஒரே நாள்ல சொல்லிட்டாங்க, நான் அழுது முடிச்சுட்டன். அவளுக்கு நீ பத்து மாசம் கடன் வெச்சிருக்க. நீ முதல்ல அங்க போடா."

அப்படித்தான் கிளம்பினேன். இடையில் இரண்டு முறை தமிழ்நாட்டு எல்லைக்குள் போய் மறுபடி பாண்டிக்குள் வந்தேன். பாதைக்கு அது தெரியாது. பாகூர் ஏரி கரை தொட நிறைந்திருந்தது. ஏரிக்கரை டீக்கடையில் உட்கார்ந்து வழி கேட்டேன். கடைக்காரர் என் பெட்டிமேல் ஒட்டியிருந்த கப்பல் சீட்டைப் பார்த்தார்.

"சைகோன் மாப்பிள்ளை வூட்டுக்கா? சுண்ணாம்பு அடிச்சுட்டாங்களே. நீங்கதான் மாப்பிள்ளையா?"

"இல்லை."

"தோழனா? அப்ப கல்யாணச் சாப்பாடு உங்களுக்கு ரெண்டு எல."

டீ வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ஏரிக்கரை நெடுக வாய்விட்டுப் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சோரியாங்குப்பத்தில் வீட்டை விசாரிக்கத் தேவைப்படவில்லை. புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் அந்தத் தெருவில் ஒன்றுதான். வாசலில் ஒருவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவன் அப்பா என்று பார்த்ததும் தெரிந்தது. அதே விடைத்த காது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.

"சைகோனா?"

"ஆமாங்க."

"யேய், ஆளு வந்துடுச்சு, வெளிய வா!" என்று உள்ளே குரல் கொடுத்தார். "எங்க அவன்? பின்னால வரானா? சின்னதுலேந்தே அப்படித்தான். மூட்டைய எவனாவது தூக்கணும், தொர கைய வீசிக்கினு வருவாரு."

அவன் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கையில் சொம்பு. "நடந்தா வந்த? தண்ணி குடிபா."

சாவு சொல்லப் போகிறவன் அந்த வீட்டுப் படியேற மாட்டான், தண்ணீர் வாங்க மாட்டான். தெருவில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பவேண்டும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"குடிபா."

"வேணாம்மா."

"மோரு கொண்டாரட்டா?"

"வேணாம்மா. ஒண்ணும் வேணாம்."

பெரியவர் கையிலிருந்த கயிறு முறுக்கு விட்டுச் சுருண்டது. என் கால்களைப் பார்த்தார். வாசற்படிக்கு இரண்டடி முன்னால் அவை நின்றிருந்தன.

"அத எடுத்துக்கினு உள்ள போ" என்றார் மனைவியிடம். அவள் போகவில்லை. சொம்புத் தண்ணீர் அவள் கால்மேல் சிந்திக்கொண்டிருந்தது.

"எப்போ?" என்றார்.

"போன தை மாசம்."

"போன தையா? பங்குனியில லெட்டர் வந்துச்சே."

"அது எங்கம்மாவுக்கு நான் எழுதனதுங்க. உறை மாறிடுச்சு."

அவன் அம்மா அப்போதுதான் பேசினாள். "காளைய விக்காதீங்க, நானே வந்து ஏர் ஓட்றன்னு இருந்துச்சே. அது?"

"அது எங்க வூட்டுக் காளைங்களப் பத்தி எழுதனதும்மா."

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டிலிருந்து கல்யாணப் பெண்ணின் அப்பா ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் என் சட்டையைப் பிடித்தார். "நாலு எழுத்துப் படிக்கத் தெரியாத நாயி, உன்ன எவன்டா அடுத்தவன் வூட்டுக்கு எழுதச் சொன்னான்? ஊருக்கெல்லாம் சொல்லி எம்பொண்ண உக்கார வெச்சிருக்கன்டா!" என்று அடித்தார். நான் தடுக்கவில்லை. இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது. பெரியவர்தான் அவரை விலக்கினார். "போ. போயிடு" என்றார் என்னிடம்.

பொழுது இறங்குவதற்குள் அவர்கள் தலைமுழுகத் தென்பெண்ணைக்குப் போனார்கள். நான் தூரத்தில் மணலில் நின்று பார்த்துவிட்டு, ஆற்றோரத்தில் இருந்த ஒரு காலிக் கொட்டகையில் போய்ப் படுத்தேன்.

விடிந்ததும் கடலூருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். அங்கே துறைமுகம் இருக்கிறது, என்னை யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் திரும்பிப் போகும் எண்ணம் அந்தக் காலையில் இல்லை. முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பெரியவர் கரைமேல் வந்து நின்றார். கையில் கரும்பு வெட்டும் கத்தி. நான் எழுந்து நின்றேன். ஓடவில்லை.

"ஓடலாம்னு பாக்கறியா?"

முகத்துத் தண்ணீரை வேட்டியால் துடைத்துக்கொண்டேன்.

"நம்ம கரும்புக்கு மில்லுல கட்டிங் ஆர்டர் குடுத்துட்டான். நாளன்னைக்கு லாரி வருது. அவன் வந்து வெட்டுவான்னு நான் ஆளு பேசல. இப்ப தீட்டு. காரியம் முடியறவரைக்கும் நானும் கரும்பு வெட்டக்கூடாது, பங்காளிங்களும் வெட்டக்கூடாது. ஆர்டர் தப்பிச்சுன்னா கரும்பு கொல்லையிலேயே காயும்." கத்தியைத் தரையில் வைத்தார். என் கையில் கொடுக்கவில்லை. "வெட்டத் தெரியுமா?"

"தெரியுங்க."

"கூலி தருவன். சோறு கொல்லைக்கு வரும். வூட்டுப் பக்கம் வராத, அவ கண்ணுல படாத. வெளியூரு ஆளு நாலு பேரு வருவாங்க. அவங்ககிட்ட நீ யாருன்னு சொல்லாத."

கத்தியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். பனியில் கரும்புத் தோகையெல்லாம் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் குனிந்து, மண்ணோடு ஒட்டி வெட்டி, தோகையைக் கழித்து, இடப்பக்கம் அடுக்க ஆரம்பித்தேன். அவர் வரப்பில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மற்ற ஆட்கள் வந்து இறங்கும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.