புதியவை: 0

இன்று காலை கைபேசியில் ‘அனைத்தையும் படித்ததாகக் குறி’ என்ற பொத்தான் வந்து நின்றது. விரல் அதுவரை போய்த் திரும்பிவிட்டது. சிரிக்காதீர்கள், எனக்கு அந்தப் பொத்தானிடம் பயம்.

பசுந்தேயிலை விலை விழுந்துகிடந்த வருடங்களில், குன்னூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். கோயம்புத்தூரில் படித்துவிட்டுப் போன எனக்கு அங்கே தெரிந்தவர் யாருமில்லை. ஈரக் கம்பளிச் சட்டையும் சூடேறிய மானிட்டரும் சேர்ந்து ஒரு வாசனை வரும். அதுதான் துணை. அப்புறம், சனிக்கிழமைகளில் ஸ்டெல்லா அக்கா.

எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். சிறுவயதில் கண்டியிலிருந்து கப்பலேறி வந்தவர். தம்பி மட்டும் அங்கே சித்தி வீட்டில் தங்கிவிட்டான். இணையத்தில் இலங்கைத் தமிழர்களின் செய்திக்குழு ஒன்று இருந்தது. யாரும் எழுதலாம், எல்லோரும் படிக்கலாம். அதில் தம்பியைத் தேடி நான் எழுதிக் கொடுத்திருந்தேன். பதிலுக்காகத்தான் அக்கா வருவார்.

அதைப் படிக்கும் மென்பொருள் திறக்கவே அரைமணி நேரமாகும்.

“என்னா புள்ள, லோடு லாரி மேடு ஏறுற மாதிரி மொனகுது?”

எனக்கு எதையும் பட்டியல் போட்டால்தான் புரியும். ஒன்று, மழையில் நனைந்த போன் லைன். இரண்டு, கிழட்டுக் கணினி. மூன்று, படிக்காமல் குவிந்த பல்லாயிரம் தலைப்புகளை ஒவ்வொரு முறையும் அது வரிசைப்படுத்துவது. முதல் இரண்டும் என் கையில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, வந்திருந்ததையெல்லாம் இறக்கி, எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்து, தம்பியைத் தேடி எழுதியதற்கு வரும் பதில்களில் படிக்காதவை மட்டும் தெரியும்படி வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் சட்டென்று திறந்தது. புதியவை: 0.

“கெட்டிக்காரி நீ. இல்லேங்கிறதயாவது சுருக்கா சொல்லுதே!”

அடுத்த சனிக்கிழமையும் பூஜ்யம். அதற்கடுத்த சனிக்கிழமை அக்கா வரவில்லை. பொழுது போகாமல், அவருக்காக எழுதியதைப் பார்க்கலாமென்று, படித்தவற்றையும் காட்டச் சொன்னேன். அதன் கீழே ஒரு பதில், ஆங்கில எழுத்தில் தமிழ்: “அக்கா, நான் நல்லா இருக்கேன். நீங்க இப்ப எங்க?” நான் குறித்ததற்கு முந்தைய நாள் வந்தது.

அச்செடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: “ஃபேக்டரிய மூடிட்டாங்கல்லங்க? போன வாரமே திருப்பூருக்கு எறங்கிட்டாங்க. அட்ரஸ் ஆருக்குங்க தெரியும்?”

தம்பிக்கு நானே எழுதினேன். அதன்பின் சனிக்கிழமைகளில் அக்காவின் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். சட்டென்று திறக்கும். புதியவை: 0.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது சாக்லேட் கடை. செய்திக்குழுவையும் ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். மெதுவாகத் திறப்பதற்குக்கூட இன்று அது இல்லை.